கொடிக்காரனுக்கு என்ன நடந்தது என்று நீ கேட்டாய்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷாமினி என்னோடு வீட்டுக்கு வந்தாள். கலியாணச் சாறிக்குத் தைத்த பிளவுஸில் லேஸ் சரியாக இல்லை, அதைக் காட்டத்தான் வந்தேன் என்றாள். லேஸைப் பற்றி இரண்டு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டோம். குசினி வாசலில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "அன்ரி, இவர் சின்ன வயசிலையும் இப்பிடித்தானோ? ஏதும் பிழை விட்டால் நான் கண்டுபிடிக்கிறதுக்கு முதல் தானே வந்து சொல்லிப்போடுறார். எனக்குச் சண்டை பிடிக்க இடமே தாறாரில்லை." நான் சிரித்துவிட்டேன். "பிள்ளை, அவன் எப்பிடி இருந்தவன் எண்டு இந்த ஒழுங்கையிலை பழைய ஆக்களைக் கேட்டுப் பாரும்," என்றேன். அவள் நம்பவில்லை. உன்னைக் கட்டப்போகிறவள் உன்னை ஒரு நல்ல பிள்ளை என்று மட்டும் நினைத்துக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் அவளும் படிக்கட்டும். குழப்படிப் பிள்ளையை வைத்துக்கொண்டு தலையில் கைவைத்திருக்கிற வேறு எந்தத் தாயும் தகப்பனும் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அப்போது உனக்குப் பதினொரு வயது. உன் அப்பா தோஹாவில் வேலை. நானும் நீயும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் இருந்தேன். பல்லைப் பிடுங்க வந்து நடுங்குகிறவர்களை உட்காரவைத்துக் கதை கொடுப்பதுதான் என் வேலையில் பாதி. அங்கிருந்து ஒருநாள் நீ பல் அச்செடுத்து வைத்திருந்த ஒரு சாந்துத் தாடையை எடுத்து வந்து, கீழ்வீட்டு மனுசி காலையில் பால் பைக்கற்றுக்காகக் கதவில் தொங்கவிடும் பைக்குள் போட்டுவிட்டாய். அந்த மனுசி பைக்குள் கைவிட்டு, பல்லைப் பிடித்து, போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் அன்று முழுக்கக் குரைத்தது. கொட்டாஞ்சேனையில் என் தாய்வீட்டுப் பக்கத்து மாதா கோவில் திருநாளில், பூசைக்கு உதவுகிற பீடப் பையன்கள் முழங்காலில் நிற்கும்போது ஒருவனுடைய இடுப்புக் கயிற்றை மற்றவனுடைய கயிற்றோடு முடிந்துவிட்டவனும் நீதான். எழும்பச் சொன்னதும் வரிசையாக விழுந்தார்கள். சாமியார் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நீ செய்தவற்றுக்கெல்லாம் என்னைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது பழகிப்போயிருந்தது.

உன்னை அடித்துத் திருத்தச் சொல்லிப் பலர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அது அன்பினால் மட்டும் அல்ல. உன் குழப்படியில் வஞ்சகம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு காரியத்தைச் செய்தால் என்ன நடக்கும் என்று பார்க்கிற ஆசை மட்டும்தான் இருந்தது. அந்த ஆசைக்கு வேறு ஏதாவது தீனி போடலாம் என்று நினைத்துத்தான் உனக்கு அந்தப் புத்தகத்தை வாங்கினேன். கோட்டைப் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் கிடந்தது. அட்டையும் இல்லை, முதல் பக்கங்களும் இல்லை, அதனால் அதன் பெயர் இன்றுவரை நமக்குத் தெரியாது. எந்த நாட்டுக் கதையோ, யாரோ பழைய தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள். துறைமுகத்தில் வளர்கிற ஒரு குழப்படிக்காரப் பையன். கொடிமரத்தைக் காக்கிற கிழவர் அயர்ந்த நேரம் பார்த்து, ஊரில் நோய் இருக்கிறது என்று சொல்கிற மஞ்சள் கொடியை ஏற்றிவிடுகிறான். வந்த கப்பல் கரைக்கு வராமல் வெளியே நின்றுவிடுகிறது. ஊரே கலங்குகிறது, அவன் கூரையில் இருந்து சிரிக்கிறான். பிறகு ஒரு கப்பலில் களவாக ஏறிக் கடலுக்குப் போகிறான். புயல், பசி, ஆளில்லாத தீவு. கடைசியில் மாலுமிகள் காய்ச்சலில் விழுந்துகிடக்க, சுக்கானைத் தனியாகப் பிடித்துக் கப்பலைக் கரை சேர்க்கிறான்.

நீ அதைச் சாப்பாட்டு மேசையிலும் வாசித்தாய், கக்கூசிலும் வாசித்தாய். மஞ்சள் கொடி அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தாய். அதற்குப் பிறகு வருகிற பக்கங்களில் உனக்கு அவசரமே இல்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நம் ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கு அப்பால் கருங்கல், பிறகு கடல். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிற சோமே என்ற சிங்கள மனிதர் ஒருவர் இருந்தார். ஆணி கழன்றிருக்கிறதா, கல் சரிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. பாதையோரம் ஒரு தகரக் கொட்டிலில் சாமான்களையும் கொடிகளையும் வைத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ அங்கே போய் நிற்பாய். உனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாக இல்லை, ஆனாலும் என்னவோ கதைத்துக்கொண்டிருப்பீர்கள். அவரை நீ சோமே மாமா என்பாய். ஒருநாள் பின்னேரம் அவர் தேத்தண்ணி குடிக்கச் சந்திக் கடைக்குப் போயிருந்த நேரம், கொட்டிலுக்குள் இருந்த சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளம் வளைகிற இடத்துக்குப் போய், வந்த ரயிலுக்கு முன்னால் நின்று வீசினாய்.

ரயில் நின்றது. ஷாமினிக்கு அந்தக் காலம் அவ்வளவாக ஞாபகம் இருக்காது, அவள் சின்னப்பிள்ளை. அது யுத்தம் நடந்த காலம். கொழும்பில் ஒரு ரயில் நடுவழியில் சடாரென்று நின்றால் யாருக்கும் முதலில் குண்டு என்றுதான் தோன்றும். சனம் கத்திக்கொண்டு இரண்டு பக்கமும் குதித்தது. அலுவலகம் விட்டு வாசற்படியில் தொங்கிக்கொண்டு வந்த ஒரு கந்தோர்க்காரர் கருங்கல்லில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஆமிக்காரர்கள் துவக்கோடு இறங்கினார்கள். நீ கொடியைக் கல்லுக்கிடையில் எறிந்துவிட்டு, பின்மதில் ஏறி, வீட்டுக்கு வந்து கணக்குக் கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தாய். நான் வேலையால் வரும்போது ஒழுங்கை முழுக்கச் சோதனை. வீட்டுக்குள் வந்து அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. பயந்துவிட்டாய் என்று நினைத்து உன் தலையைத் தடவினேன்.

அடுத்த நாட்களில் அந்தக் கொட்டிலில் வேறு ஒருவர் நின்றார். சந்திக் கடைக்காரரிடம் விசாரித்தபோது, கொடி சோமேயுடையது என்று கண்டுபிடித்துவிட்டார்கள், அவரை வேலையால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கொடியை யாருக்குக் கொடுத்தாய் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்றார். அந்தச் செய்தியை நான் இரவுச் சாப்பாட்டு நேரம் உனக்குச் சொன்னேன், பாவம் நல்ல மனுசன் என்று. நீ இடியாப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துத் தந்தேன். நீ அதையும் பேசாமல் குடித்தாய். ஒளித்துவைக்கிற பிள்ளை எவ்வளவு சொல்வழி கேட்கும் என்பதை அந்த நாட்களில்தான் கண்டேன். பாத்திரம் கழுவினாய். செருப்பை ஒழுங்காக வைத்தாய். ஒழுங்கையில் எல்லாரும், "இப்ப பிள்ளை திருந்தீட்டான்," என்றார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை நீ புத்தகத்தை முடித்தாய். நான் மேசையில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு முன்பே அதை நான் வாசித்து முடித்திருந்தேன், அதனால் அதைப் பற்றிக் கதைக்க ஆசையாக இருந்தது.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"எப்பிடி? எவ்வளவு குழப்படி செய்த பெடியன், கடைசியிலை எவ்வளவு பொறுப்பானவனா வாறான், பாத்தியோ? ஒரு கப்பலையே கரை சேர்க்கிறான்."

நீ பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாய். பிறகு கேட்டாய், "அம்மா, அந்தக் கொடிக்காரனுக்கு என்ன நடந்தது?"

"எந்தக் கொடிக்காரன்?"

"மஞ்சள் கொடி. இவன் ஏத்தினதுக்கு அந்தக் கிழவரைத்தானே வேலையாலை கலைச்சவை. அதுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இவன் திரும்பி வாறான், எல்லாரும் கைதட்டினம். இவன் அவரைத் தேடிப் போகேல்லை. எங்கை எண்டும் கேக்கேல்லை."

நான் கத்தியை வைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். நீ சொன்னது சரி. கொடிக்காரனை நீக்கினார்கள் என்று ஒரே ஒரு வரி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நானும் வாசித்தவள்தான், அவரை அடியோடு மறந்துபோயிருந்தேன். எழுதினவரும் மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் தலை நிமிர்ந்தபோது உன் முகம் உடைந்திருந்தது. "சோமே மாமான்ரை கொடியை எடுத்தது நான்தான் அம்மா," என்றாய்.

மகன், உன் கலியாணத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு புத்தி சொல்லுவார்கள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான், அதையும் நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். அந்தக் கதையில் வந்த பையன் பெரியவனாக வளர்ந்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புயலில் சுக்கானை விடாமல் பிடிக்கிறவன் சின்ன ஆள் இல்லை. ஆனால் அது எல்லாரும் பார்க்கிற பெரிய காரியம். செய்த காரியத்தால் யாருக்கு என்ன ஆனது என்று திரும்பிப் பார்ப்பது வேறு. அதற்கு யாரும் கைதட்டமாட்டார்கள். கலியாண வாழ்க்கையில் புயல் அபூர்வமாகத்தான் வரும், வந்தால் நீ சமாளிப்பாய், எனக்குக் கவலையில்லை. நீ அவசரத்தில் சொன்ன ஒரு சொல், மறந்துபோன ஒரு வேலை, அது வீட்டில் இன்னொருவருடைய தலையில் போய் விழுந்திருக்கும். அதைத் தேடிப் போய்க் கேட்கிறவன்தான் நல்ல புருசன். உன் அப்பாவுக்கு இதைப் பழக்க எனக்குக் கனகாலம் எடுத்தது. உனக்குப் பழக்க வேண்டியதில்லை.

அன்று பின்னேரம் அப்பா தோஹாவிலிருந்து தொலைபேசி எடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பயந்துபோனார். "நீர் விசரோ? தமிழ்ப் பெடியன் ரயிலை மறிச்சான் எண்டு போய்ச் சொல்லப் போறீரோ? கொண்டுபோய் உள்ளுக்கை போட்டால் நான் இங்கையிருந்து என்ன செய்ய ஏலும்?" என்றார். அவருடைய பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். தமிழர் எல்லாரும் பொலிஸில் பெயர் பதிய வேண்டிய காலம், பதியாத ஒருவர்கூட நம் கட்டடத்தில் இல்லை. எங்கள் ஒழுங்கையிலேயே விசாரணைக்கென்று கூட்டிப்போன பெடியன்கள் இருந்தார்கள். எனக்கும் அதே பயம்தான். ஆனால் நான் சொன்னேன், "இவன் இதை விழுங்கிக்கொண்டு வளந்தால் எப்பிடிப்பட்டவனா வருவான் எண்டதுதான் எனக்கு அதைவிடப் பயம்." அவர் நடந்ததை முதலிலிருந்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "நீர் கொட்டாஞ்சேனையிலை வளந்தனீர். உமக்குச் சிங்களமும் தெரியும், வாயும் இருக்குது. போம். தனியாப் பொலிசுக்குப் போகாதையும். முதல் அந்த மனுசனைப் போய்ப் பாரும்," என்றார். அது நல்ல புத்தி.

ஞாயிறு காலை நாம் இருவரும் தெமட்டகொடைக்குப் போனோம். ரயில் வேலையாட்களின் குவாட்டர்ஸ் வரிசையில் சோமேயின் வீடு. அவர் சறத்தோடு வாசலில் இருந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார், உன்னைக் கண்டதும் சிரித்தார். நான் சொல்லத் தொடங்கினேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, உனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மம தமய் கத்தே, மாமா," என்றாய். நான்தான் எடுத்தேன் என்று. அவருடைய சிரிப்பு நின்றது. உள்ளிருந்து அவருடைய மனைவி வந்தார். அவர் என்னைத் திட்டியதை நான் இங்கே எழுதவில்லை, எழுதினால் ஷாமினி பயந்துவிடுவாள். "எங்கட மனுசனைப் புலிக்கு உதவி செய்தவன் எண்டு கேக்கிறாங்கள். உங்கட பிள்ளை விளையாடினதுக்கு," என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. நான் நின்று கேட்டேன். நீயும் நின்று கேட்டாய், தலையைக் குனியவில்லை.

சோமே செருப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மிஸ், வந்தது போதும். நீங்கள் போங்கள். மேலே போய்ச் சொன்னால் முதலில் பிள்ளையின் பெயரைக் கேட்பார்கள். பெயரைக் கேட்டபிறகு அது விளையாட்டாக இருக்காது. என் பெயருக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. நான் எப்படியாவது சமாளிக்கிறேன்."

ஒரு நிமிடம் எனக்கு, இதோ கடவுளே கதவைத் திறந்துவிட்டார் என்று இருந்தது. அந்தக் கதவால் வெளியே போகத்தான் என் மனம் சொன்னது. நான் உனக்கு அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். நீ கேட்டுவிட்டு, "அப்ப மாமாக்கு வேலை?" என்றாய். அதை அவரிடமே உன் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டாய். அவர் செருப்பைத் திரும்ப எடுத்து ஊசியைத் தேடினார். "அப்ப நாளைக்கு எல்லாரும் போவம்," என்றாய், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகிற மாதிரி. அவருடைய மனைவி உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது மூன்று கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்தார். முகத்தை மட்டும் இளக்கவில்லை.

திங்கட்கிழமை மூவரும் போய்ச் சொன்னதும் சோமேயின் மேலதிகாரி எங்களை ஒரு பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பினார், சோமேயும் கூட வந்தார். இன்ஸ்பெக்டர் கத்துகிற ஆள் இல்லை. அமைதியாகப் பேசினார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன் பெயரைக் கேட்டார். நீ முழுப் பெயரையும் சொன்னாய். பிறகு ஒரே கேள்வியைப் பலவிதமாகக் கேட்டார். யார் செய்யச் சொன்னது? யார் உனக்கு என்ன தந்தது? ரயிலில் யாராவது ஏறினார்களா? நான் மொழிபெயர்த்தேன். கிளினிக்கில் கதிரையில் நடுங்குகிறவர்களோடு பேசுகிற அதே குரலில் மொழிபெயர்த்தேன், வேறு குரல் எனக்கு வரவில்லை. நீ ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொன்னாய். "ஒருத்தரும் சொல்லேல்லை சேர். ஒரு புத்தகத்திலை இருந்தது. செய்தால் நிக்குமோ எண்டு பாத்தனான்."

"என்ன புத்தகம்?"

அட்டையில்லாத, பெயரில்லாத ஒரு தமிழ்ப் புத்தகம். அதில் ஒரு பையன் பொய்க்கொடி காட்டுகிறான். அந்தக் காலத்தில் அதைக்கொண்டு என்னவும் சொல்லலாம். ஆனால் நீ பைக்குள் கைவிட்டு அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டாய். கொண்டுவந்திருக்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். வாசித்துச் சிங்களத்தில் சொல்லு என்றார். கான்ஸ்டபிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீ காட்டிய இடத்திலிருந்து தொடங்கினார். முதலில் சாட்சிக் கூண்டில் வாசிக்கிற மாதிரி வாசித்தார். கிழவர் குறட்டை விட, பையன் கொடிமரத்தில் ஏறுகிற இடம் வந்ததும் அவருடைய குரல் மாறிவிட்டது. கிழவருக்கு ஒரு குரல், கப்பல் தலைவனுக்கு ஒரு குரல். பக்கத்து மேசைக்காரர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். வாசலில் நின்ற காவல்காரரும் உள்ளே எட்டிப் பார்த்தார். கப்பல் தலைவன் கோபத்தில் தொப்பியைக் கடலில் எறிகிற இடத்தில் யாரோ சிரித்தார்கள். அது இன்ஸ்பெக்டர் என்று நான் திரும்பிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

அவர் உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு புத்தகத்தை மூடச் சொன்னார். உன்னைப் பார்த்து, "இதை வாசித்துவிட்டுத்தான் செய்தாய். சரி. பிறகு ஏன் வந்து சொன்னாய்? அதுவும் இந்தப் புத்தகத்தில் இருக்கிறதா?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். நீ சொன்னாய், "இல்லை சேர். அதுதான் இதிலை இல்லை. அந்தக் கொடிக்காரனைப் பற்றிப் பிறகு ஒண்டும் எழுதேல்லை."

இதைச் சிங்களத்தில் சொல்லும்போது, அவ்வளவு நேரமும் நடுங்காத என் குரல் நடுங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் உன்னைப் பார்த்தார், சுவரோரம் நின்ற சோமேயைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, இனி ஒரு முறை தண்டவாளப் பக்கம் இவனைக் கண்டால் கதை கேட்டுக்கொண்டு இருக்கமாட்டேன், கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். சோமேயின் மேலதிகாரிக்கு அவரே தொலைபேசியில் பேசினார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொன்னால் நீயே சிரிப்பாய். சோமேக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் கொட்டிலைப் பூட்டாமல் போனதற்காக அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், நம் ஒழுங்கை முடிவில் அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. கை முறிந்த கந்தோர்க்காரரைப் பார்க்கக் கொச்சிக்கடைக்குப் போனோம். அவர் நம்மை வாசலோடு அனுப்பிவிட்டார், நீ கொண்டுபோன தோடம்பழப் பையையும் வாங்கவில்லை. "மன்னிக்காட்டி என்ன செய்யிறது அம்மா?" என்று கேட்டாய். "ஒண்டும் செய்ய ஏலாது. மன்னிக்கிறது அவரின்ரை விருப்பம். போறது மட்டும்தான் எங்கட வேலை," என்றேன். இதையும் நீ ஷாமினி விசயத்தில் ஞாபகம் வைத்துக்கொள். நீ உடனே வந்து பிழையைச் சொல்லிவிட்டாய் என்பதற்காக அவளும் உடனே சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே. அவளுக்குக் கோபிக்க நேரம் கொடு. உண்மையைச் சொல்வது மற்றவருடைய வாயை அடைப்பதற்கு அல்ல. அவள் என் குசினி வாசலில் சிரித்துக்கொண்டு சொன்ன முறைப்பாட்டில், சண்டை பிடிக்க இடமில்லை என்றது மட்டும் உண்மையான முறைப்பாடு என்று எனக்குப் பட்டது.

பொலிஸ் நிலையத்தால் வெளியே வந்த அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சோமே தன் பாட்டுக்குப் போய்விட்டார். போகும்போது உன் காதைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் போனார், அது உனக்குச் சேரவேண்டியதுதான். நாம் காலி வீதியில் பஸ் ஏறினோம். நல்ல சனம், ஒரே ஒரு இருக்கை கிடைத்தது, நான் இருந்தேன், நீ பக்கத்தில் நின்றாய். நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். நான் மனத்துக்குள் நினைத்தேன், சரி, முடிந்தது, இனி இவன் குழப்படிக்காரன் இல்லை, என் பிள்ளை இன்று பெரியவனாகிவிட்டான். ஏனோ அது எனக்குச் சந்தோசமாக இல்லை. யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போகிற மாதிரி இருந்தது.

அப்போது நீ குனிந்து என் காதில் கேட்டாய், "அம்மா, பயந்தனீங்களோ?"

"ஓம்."

"நானும்." கொஞ்சம் பொறுத்து, "அம்மா, அந்த இன்ஸ்பெக்டர் வாசிக்கிறதை ஒரு அத்தியாயத்தோடை நிப்பாட்டினது நல்லதாப் போச்சு."

"ஏன்?"

"அடுத்ததிலை அவன் கப்பலிலை களவா ஏறுறான். அதையும் வாசிச்சிருந்தால் எனக்காகத் துறைமுகத்துக்கும் ஆமி போட்டிருப்பினம்."

நான் சிரிக்கத் தொடங்கினேன். என்னால் நிறுத்த முடியவில்லை. சாறித் தலைப்பை வாயில் வைத்து அழுத்தியும் முடியவில்லை. கண்ணால் தண்ணீர் வந்தது. கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நீ ஒன்றும் தெரியாதவன் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

ஆகவே ஷாமினி, நீ இதை வாசிக்கிறாய் என்றால், உன் கேள்விக்குப் பதில் இதுதான். அவன் மாறவில்லை. யாருக்கு நோகும் என்று பார்க்கப் பழகிக்கொண்டான், அவ்வளவுதான். மகன், உனக்கு ஒரு வார்த்தை. கலியாணத்தன்று நான் கோவிலில் முன்வரிசையில் இருப்பேன். அப்பாவும் இருப்பார், புதுச் சூட்டில், மிகவும் இறுக்கமான முகத்தோடு. சாமியார் கேட்கிற கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லு. என் பக்கம் பார்க்காதே. பார்த்தால் நான் சிரித்துவிடுவேன்.

அம்மா